யாரும் எண்ணாத அடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, நான் ஏதாவது ஒரு கிரிக்கெட்காரரின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மைக் வெப்ஸ்டர் என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், அது யாரு?" என்றார் அந்தத் தம்பி. அவர் கேட்டது நியாயம்தான். அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் பிட்ஸ்பர்க் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால், டீக்கடை பெஞ்சில் இடம் ஒதுக்கித் தருவதுபோல உங்களை மதிப்பார்கள்.

நான் 1998-ல் அந்த ஊருக்குப் படிக்கப் போனேன். பிறகு அங்கேயே வேலை கிடைத்து, பதினோரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பினேன். பிட்ஸ்பர்க் ஒரு காலத்தில் எஃகு காய்ச்சிய ஊர். நான் போனபோது ஆலைகளில் பெரும்பாலானவை மூடி வருடக்கணக்காகியிருந்தன. மிச்சமிருந்தது ஸ்டீலர்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணி. அங்கே பென் ஹில்ஸ் குன்றின்மேல் வேங்கடேஸ்வரர் கோவில் ஒன்று இருக்கிறது, 1976-ல் கட்டியது. இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோவிலிலேயே ஒரு மணி ஆட்டத்துக்கு முன்பு கூட்டம் கரைந்துவிடும். புளியோதரையைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு காருக்கு ஓடுகிற நம் ஆட்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபுட்பால் என்று பெயர் இருந்தாலும் நம் கால்பந்து வேறு, இது வேறு. பந்து நீள்வட்டமாக இருக்கும், பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒவ்வொரு முறையும் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசை கட்டி நிற்கும். நடுவில் ஒருவர் குனிந்து, தரையிலிருக்கும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் நிற்பவரிடம் கொடுப்பார். பின்னால் வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். பணம், புகழ், விளம்பரம் எல்லாம் அவருக்கு. கொடுக்கிறவர் செண்டர். கொடுத்த அந்த நொடியே, எதிரே நூற்றுமுப்பது கிலோ எடையில் பாய்கிற ஆளை அவர் தலையாலும் தோளாலும் முட்டி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் அவர் கையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் பந்து கையை விட்டுப் போனதும் அரங்கத்தில் இருக்கிற அத்தனை கண்களும் பந்தோடு போய்விடும். செண்டருக்கு அப்புறம் என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை.

மைக் வெப்ஸ்டர் செண்டர்.

1952-ல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். 1974-ல் ஸ்டீலர்ஸ் அணி அவரை ஐந்தாவது சுற்றில், 125-ஆவது ஆளாகத் தேர்வு செய்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நாலு பந்தி முடிந்த பிறகு கிடைத்த இடம். உயரம் ஆறடிக்குச் சற்றுமேல், எடை 115 கிலோ சுமார். செண்டருக்கு இது போதாது என்றுதான் அப்போதே சொன்னார்கள். ஆனால் அந்த அணி 1975 முதல் 1980 வரை ஆறு வருடத்தில் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியை நான்கு முறை வென்றது, நான்கிலும் அவர் இருந்தார். பனி கொட்டுகிற டிசம்பரிலும் கையில்லாத சட்டைபோல ஸ்லீவைச் சுருட்டி ஏற்றிவிட்டுக்கொண்டு, வெறுங்கையோடு நிற்பார். எதிராளி பிடித்து இழுக்கத் துணி கிடைக்கக் கூடாதாம். 'அயர்ன் மைக்' என்று பெயர் வந்தது. பிட்ஸ்பர்கில் 15 வருடம், கடைசியாகக் கான்சஸ் சிட்டியில் 2 வருடம். மொத்தம் 17 பருவங்கள், 245 ஆட்டங்கள்.

245 என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை வீச்சு பிடித்தார், எத்தனை நொடி பாக்கி என்று எல்லாம் பலகையில் எரியும். ஒரு செண்டரின் தலை எத்தனை முறை இன்னொரு தலையில் மோதியது என்று மட்டும் யாரும் எண்ணியதில்லை. ஆட்டத்துக்கு அறுபது எழுபது முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான். வாரநாள் பயிற்சி, ஜூலை ஆகஸ்ட் வெயிலில் நடக்கிற முகாம், கல்லூரி, பள்ளி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதுவும் பெரிய அடிகள் அல்ல. விழுந்து மயங்கி ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகிற மாதிரி அடி என்றால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இவை எழுந்து, தலையை ஒரு உதறு உதறி, அடுத்த வரிசைக்குப் போய் நின்றுவிடுகிற சின்ன அடிகள்.

1991-ல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 38, 39 இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றுகிறது. போட்ட முதலீடுகள் கையைக் கடித்தன. வீடு போனது. மனைவி, நான்கு பிள்ளைகள், குடும்பம் பிரிந்தது. முன்கோபம் இல்லாத மனிதர் காரணமில்லாமல் வெடித்தார், பிறகு வெடித்ததையே மறந்தார். பழக்கப்பட்ட சாலையில் வழி தவறினார். சில நாள் பிக்கப் வண்டியில் தூக்கம். சில நாள் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்.

அந்த ரயில் நிலையம் எனக்குத் தெரியும். சிகாகோ போகிற வண்டி அங்கே ஏறக்குறைய நள்ளிரவில்தான் வரும். மாணவனாக இருந்தபோது, விமானத்துக்குக் காசில்லாமல், அந்தக் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சுகளில் சில பேர் படுத்திருப்பார்கள். என் பையைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொள்வேன். அவர்களில் ஒருவர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

உடம்பு வலி ஓயாமல் இருந்தது. தூக்கம் வராது. மின்சார அதிர்ச்சி கொடுக்கிற துப்பாக்கி ஒன்று உண்டல்லவா, போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அதை வைத்துத் தன்னையே மயக்கப்படுத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். அவருடைய மகன்களில் ஒருவன், பதின்வயதுப் பையன், அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவரோடு வந்து தங்கினான். அப்பா தூங்குவதற்காக அந்தப் பையன் தன் கையாலேயே அதை அழுத்த வேண்டியிருந்தது. பல் ஆடிக் கழன்றால், நாம் உடைந்த பொம்மைக்குப் போடுகிறோமே, அந்த மாதிரிப் பசையைத் தடவி ஒட்டிக்கொள்வார். கையில் எப்போதும் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாக எழுதுவார். முதல் சில வரிகள் தெளிவாக இருக்கும், அப்புறம் கோடுகளும் பாதி வார்த்தைகளுமாகச் சிதறிப்போகும்.

மூளையைக் கொஞ்சம் நிலையில் நிறுத்த ரிட்டலின் மாத்திரை உதவியது. அதற்காக மருத்துவரின் சீட்டைப் போலியாக எழுதி, 1999-ல் கைதானார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அப்போது நான் அந்த ஊரில்தான் இருந்தேன். சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர், அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி. செய்தி வந்த அன்று, "போதைப் பழக்கமா?" என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் அவர் எதிரில் எடுத்ததில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1997 ஜூலையில், ஒஹையோ மாநிலம் கேண்டனில் வெப்ஸ்டரைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அறிமுகம் செய்துவைத்தவர் டெரி பிராட்ஷா, வருடக்கணக்காக இவர் கையிலிருந்து பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக். மேடையில் ஒரு பந்தை எடுத்தார். கடைசியாக ஒரு தடவை என்று வெப்ஸ்டரைக் குனியவைத்துப் பந்தை வாங்கினார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அந்தப் படத்தைப் பார்த்தால், குனிந்த அந்தக் கணத்தில் மட்டும் மனிதர் பழைய மைக்காக இருக்கிறார். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவர் பேச வந்தார். இருபது நிமிடத்துக்கும் மேல் பேசினார். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பாதியில் விட்டு, எங்கேயோ போய் வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்திருக்கவும் கூடும்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இன்றைக்கு இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது.

வெப்ஸ்டருக்கு மேற்கு வர்ஜீனியாவில் பாப் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்று ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். அவர் பல மருத்துவர்களிடம் அழைத்துப் போனார். விளையாட்டில் தலையில் பட்ட அடிகளால் மூளை கெட்டிருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களோடு, ஓய்வுபெற்ற வீரர்களுக்கான ஊன நிதி வாரியத்தில் விண்ணப்பித்தார். அந்த வாரியத்தில் ஆறு பேர். மூன்று பேர் அணி உரிமையாளர்கள் தரப்பு, மூன்று பேர் வீரர்கள் சங்கத் தரப்பு. வாரியம் தன் பங்குக்கு ஒரு மருத்துவரை அனுப்பியது. அவரும் அதையேதான் சொன்னார். வாரியம் ஒப்புக்கொண்டது; முழு ஊனம், நிரந்தர ஊனம், காரணம் ஃபுட்பால் என்று 1999-ல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் பென்ஷன் அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு அடுத்து வருவது புதிதாக இருக்காது. ஒப்புக்கொண்டது சரி, எந்த வகைப்பாட்டில் கொடுப்பது? ஆடிக்கொண்டிருந்தபோதே வந்த ஊனம் என்றால் ஒரு தொகை. ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது என்றால் அதைவிடக் குறைந்த தொகை. வாரியம் இரண்டாவதில் போட்டது. ஆடும்போது யாரும் குறித்துவைக்கவில்லையே! குறித்துவைக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களுடைய ஏட்டில் இல்லாததையே காரணமாகக் காட்டி மறுக்கிறார்கள். ஃபிட்ஸ்சிமன்ஸ் விடவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

2002 செப்டம்பர் 24. பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றில் வெப்ஸ்டர் மாரடைப்பில் இறந்தார். வயது 50. மறுநாள் என் பக்கத்து மேசைக்காரர் அந்த ஊர் ரசிகர்கள் சுழற்றுகிற மஞ்சள் துண்டை நான்காக மடித்து, கணினித் திரைக்கு அடியில் வைத்திருந்தார். 1975-லிருந்து வருகிற பழக்கம் அந்தத் துண்டு. ஜெயிக்கும்போது தலைக்குமேல் சுழற்றுவார்கள். மடித்து வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிணப் பரிசோதனைக்கூடத்தில் அந்த வாரம் பணியில் இருந்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவிலிருந்து வந்த இளம் மருத்துவர். ஃபுட்பால் அவருக்குத் தெரியாது. வெப்ஸ்டர் யார் என்பதே அன்று காலை தொலைக்காட்சியில் கேட்டுத்தான் தெரியும். ஐம்பது வயது ஆளுக்கு எப்படி இப்படி ஒரு நிலை என்று செய்தியில் ஏளனம் கலந்து பேசியது அவருக்கு உறுத்தியது. மண்டையைத் திறந்தால், மூளை பார்க்க நன்றாகவே இருந்தது. சுருங்கவில்லை, காயமில்லை. வேறு ஒருவராக இருந்தால் காரணம் மாரடைப்பு என்று எழுதி மூடியிருப்பார். இவர் மூளையைப் பதப்படுத்தி வைக்கச் சொன்னார். மெல்லிய வில்லைகளாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிற செலவைத் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். வில்லைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு பார்த்தார். இறந்தவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்கிற வழக்கம் அவருக்கு உண்டாம். பேசியது வீண்போகவில்லை.

வில்லைகளில் பழுப்புப் புள்ளிகள், திட்டுத்திட்டாக. டாவ் என்று ஒரு புரதம். நரம்புக்குள்ளே இருக்கிற நுண்குழல்களை, கூரையில் கீற்றைக் கட்டிய கயிறு மாதிரி பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அடி வாங்கி வாங்கி அந்தக் கயிறு அவிழ்ந்து, சிக்கும் சிடுக்குமாகத் திரண்டு, செல்லை அடைத்துவிடுகிறது. ஹெல்மெட் போட்டிருந்தார்களே என்று கேட்பீர்கள். ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றும். தூக்குவாளியில் தயிரை வைத்துக்கொண்டு ஓடி, சடக்கென்று நில்லுங்கள். வாளிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் என்ன ஆகிறது?

குத்துச்சண்டைக்காரர்களுக்கு இது வரும் என்பது 1928-லேயே மருத்துவ இதழில் வந்த சங்கதி. ஃபுட்பால் வீரரின் மூளையில் பார்த்து எழுதியது ஒமாலுதான். 2005-ல் 'நியூரோசர்ஜரி' என்ற இதழில் கட்டுரை வந்தது. என்எஃப்எல் என்கிற அந்த லீக், மூளைக் காயத்தை ஆராயத் தானே ஒரு குழு வைத்திருந்தது. பல வருடம் அதன் தலைவராக இருந்தவர் ஒரு மூட்டுவாத மருத்துவர். நான் கேலி செய்யவில்லை, உண்மை. அந்தக் குழுவினர், கட்டுரையை இதழ் திரும்பப் பெற வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். தொழில்முறை வீரர்களுக்கு நீண்டகால மூளைச் சேதம் வருவதில்லை என்பதே அவர்கள் எழுதிவந்த ஆய்வுகளின் சாரம்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு கையால் குழு "வராது" என்று எழுதுகிறது. உரிமையாளர்களின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற வாரியம் ஆறு வருடம் முன்பே இன்னொரு கையால் "வந்தது, எங்கள் ஆட்டத்தால்தான் வந்தது" என்று எழுதி ஊனத்தொகையும் கொடுத்துவிட்டது. இரண்டு தாளும் ஒரே அலமாரியில் இல்லாததால் யாருக்கும் முரணாகத் தெரியவில்லை. லீக்கின் பேரில் எனக்கு இருக்கிற கோபம் அடியைப் பற்றியது அல்ல. அடி விழும் என்று தெரிந்துதான் ஆள் இறங்குகிறான், அதற்குத்தான் சம்பளம். என் கோபம் இந்த இரண்டு தாள்களைப் பற்றியது.

கட்டுரையைத் தொடர்ந்து, இதே நோய் இருந்த வீரர்கள் வரிசையாக வெளிச்சத்துக்கு வந்தார்கள். அதே ஸ்டீலர்ஸின் டெரி லாங், 2005-ல் தற்கொலை. ஆண்ட்ரே வாட்டர்ஸ், 2006. டேவ் டூயர்சன், 2011. மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு நெஞ்சில் சுட்டுக்கொண்டார். ஜூனியர் சியாவ், 2012. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மக்கீ குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் என்எஃப்எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-ல் இந்த நோய் இருந்தது. இந்த எண்ணைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுக்கின்றன. ஆகவே ஆடிய அத்தனை பேருக்கும் இதே விகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு இந்த நோயை உறுதிசெய்ய இன்றும் வழியில்லை என்பது இன்னொரு சங்கடம்.

பிறகு ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசமாக லீக் இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. அதிலும் ஒரு கணக்கு இருந்தது. கறுப்பின வீரர்களுக்கு அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று அனுமானித்துக்கொண்டு, அதிலிருந்து சேதத்தை அளந்தார்கள். அப்படி அளந்தால் சேதம் குறைவாகத்தானே தெரியும்? கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இருவர் 2020-ல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். இருவருமே பிட்ஸ்பர்கில் ஆடியவர்கள். அடுத்த வருடம் அந்த அளவுகோலைக் கைவிடுவதாக லீக் சொன்னது. மூளை நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னது 2016 மார்ச்சில். ஊன வாரியம் எழுதிக் கொடுத்ததிலிருந்து ஏறக்குறைய 17 வருடம். வெப்ஸ்டர் ஆடிய பருவங்களும் 17.

அவருடைய வழக்கு? 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஊனம் ஆடிக்கொண்டிருந்தபோதே வந்தது, வாரியம் மறுத்தது தவறு என்று. பத்து லட்சம் டாலருக்கு மேல் அவருடைய வாரிசுகளுக்குப் போனது. அவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். சூப்பர் பவுல் நம் நேரப்படி பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன், முடிந்ததில்லை. காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இத்தனையும் தெரிந்துகொண்டு எப்படிப் பார்க்கிறாய் என்று மனைவி கேட்பாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. சென்ற முறை ஒரு காரியம் செய்தேன். பந்து எங்கே போனாலும் போகட்டும் என்று, நடுவில் குனிகிற ஆளை மட்டும் பார்த்தேன். பந்தைப் பின்னால் கொடுப்பார், தலை முன்னால் போகும், டப். எழுந்து நடந்து வந்து மறுபடி குனிவார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். முதல் கால்பகுதி முடிவதற்குள் எண்ணிக்கை விட்டுப்போனது.

வணக்கம்.